'பொம்பளப் புள்ள, நீ எந்திரி!' - குழந்தைகளுக்கு இந்தப் பாடத்தை எடுப்பது யார்? விரிவான விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியம். கறிக்குழம்புச் சாப்பாடு முடிகிறது. 9 வயது மகள் எழுந்து, தன் தட்டோடு அப்பா தட்டையும் அண்ணன் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறாள். 12 வயது அண்ணன் கையைக் கழுவிவிட்டு நேராகப் போய் செல்போனை எடுக்கிறான்.

"தட்டை எடு" என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. "நீ எடுக்காதே" என்று அவனிடமும் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் யார் எழ வேண்டும், யார் எழ வேண்டாம் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் தினமும் நடக்கும் காட்சிதான் இது. கேட்டால், "அது அவளுக்கே இயல்பா வந்துருச்சுங்க" என்பார்கள். உண்மையிலேயே இயல்பாக வந்ததா? இல்லை, எங்கிருந்தோ கற்றுக்கொண்டதா? கற்றுக்கொண்டது என்றால், யார் எப்போது கற்றுக்கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு 60 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் பதில் தேடி வருகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்தது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

சமூகமயமாதல் என்றால் என்ன?

பிறக்கும்போது எந்தக் குழந்தைக்கும் வணக்கம் சொல்லத் தெரியாது. பெரியவர் வந்தால் எழுந்து நிற்கத் தெரியாது. "இது ஆம்பள வேலை, இது பொம்பள வேலை" என்ற கணக்கும் தெரியாது. தன்னைச் சுற்றி இருப்பவர்களோடு வாழ்ந்து வாழ்ந்துதான் இதெல்லாம் படிகிறது. இப்படிப் படிவதைத்தான் சமூகவியலில் 'சமூகமயமாதல்' என்கிறார்கள்.

பீட்டர் பெர்கர், தாமஸ் லக்மன் என்ற இரண்டு சமூகவியல் அறிஞர்கள் 1966-ல் எழுதிய நூலில் இதை இரண்டு கட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் கட்டம் வீட்டில் நடப்பது. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி ஆகியோரிடம் பழகுவது. இரண்டாம் கட்டம் அதற்குப் பிறகு பள்ளி, நண்பர்கள், வேலை செய்யும் இடம் என்று வெளியுலகில் நடப்பது.

இதில் முதல் கட்டம்தான் ரொம்ப ஆழமாகப் பதியும் என்கிறார்கள். காரணம் எளிமையானது. தன் வீட்டில் நடப்பது போல்தான் எல்லா வீட்டிலும் நடக்கும் என்று சின்னக் குழந்தை நம்புகிறது. வேறு மாதிரியும் இருக்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு இன்னொரு வீடு இல்லை. அதனால் "எங்க வீட்டு வழக்கம்" என்பது குழந்தைக்கு "உலக வழக்கம்" ஆகிவிடுகிறது.

பிறந்த வீட்டிலேயே தொடங்கும் பாடம்

குழந்தை பேசத் தொடங்குவதற்கு முன்பே இந்தப் பாடம் தொடங்கிவிடுகிறது. 1970-களில் பிரிட்டனில் நடந்த ஒரு ஆய்வு இதற்கு நல்ல உதாரணம்.

சில தாய்மார்களிடம் அவர்களுக்கு முன்பின் தெரியாத 6 மாதக் குழந்தை ஒன்றைக் கொடுத்து, கொஞ்ச நேரம் விளையாடச் சொன்னார்கள். ஒரே குழந்தைக்கு சில நேரம் ஆண் குழந்தை உடுப்பும் பெயரும், சில நேரம் பெண் குழந்தை உடுப்பும் பெயரும் கொடுக்கப்பட்டன. பக்கத்தில் சில பொம்மைகளும் வைக்கப்பட்டன.

ஆண் குழந்தை என்று நினைத்தவர்கள் முதலில் சுத்தியல் வடிவ கிலுகிலுப்பையை நீட்டினார்கள். கை காலை ஆட்டவும் தவழவும் உற்சாகப்படுத்தினார்கள். பெண் குழந்தை என்று நினைத்தவர்கள் மென்மையான பொம்மையைக் கொடுத்தார்கள்.

அந்தத் தாய்மார்கள் யாரும் வேண்டுமென்றே பாகுபாடு காட்டவில்லை. அப்படி நடந்துகொள்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். குழந்தை மாறவில்லை, சட்டைதான் மாறியது. அதற்கே இவ்வளவு வித்தியாசம்.

சொல்வதைக் கேட்பதில்லை, செய்வதைப் பார்க்கிறார்கள்

"எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறான்" என்பது பெற்றோரின் பொதுவான புகார். குழந்தைகள் கேட்பதைவிட அதிகமாகப் பார்க்கிறார்கள் என்பதை உலகுக்குக் காட்டியவர் ஆல்பர்ட் பண்டூரா. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர்.

1961-ல் வெளியான அவருடைய சோதனையில் 72 மழலையர் பள்ளிக் குழந்தைகள் கலந்துகொண்டார்கள். 36 ஆண், 36 பெண். ஒரு பகுதிக் குழந்தைகளின் கண் முன்னால், பெரியவர் ஒருவர் 'போபோ' என்ற காற்றடைத்த பொம்மையை அடித்து உதைத்தார். அந்தக் குழந்தைகளைப் பிறகு அதே பொம்மை இருக்கும் அறையில் விட்டபோது, பலர் அந்தப் பெரியவர் செய்ததை அப்படியே செய்தார்கள். அவர் சொன்ன வார்த்தைகளைக்கூட திருப்பிச் சொன்னார்கள்.

இந்தச் சோதனையில் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. பொம்மையை அடித்தவர் பெண்ணாக இருந்தபோது, ஒரு பெண் இப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று சில குழந்தைகள் முகம் சுளித்தார்கள். அடித்தவர் ஆணாக இருந்தபோது, நன்றாக அடிக்கிறார் என்று பாராட்டினார்கள். செயல் ஒன்றுதான். மழலையர் பள்ளி வயதிலேயே, யார் செய்தால் சரி, யார் செய்தால் தப்பு என்ற கணக்கு மனதில் ஏறிவிட்டது.

1965-ல் பண்டூரா இன்னொரு முடிவையும் வெளியிட்டார். பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் படத்தில் பார்த்த குழந்தைகள், அதைக் குறைவாகவே செய்தார்கள். ஆனால் "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும், மற்றக் குழந்தைகளுக்கு இணையாக அவர்களும் செய்து காட்டினார்கள். அதாவது, வெளியே காட்டாவிட்டாலும் உள்ளே கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அந்த 12 வயதுப் பையனுக்குத் தட்டைக் கழுவத் தெரியாமல் இல்லை. அம்மா கழுவுவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறான். கூடவே, அப்பா கழுவாததையும் ஆயிரம் முறை பார்த்திருக்கிறான். அவன் கற்றுக்கொண்டது இரண்டாவது பாடத்தை.

'நீ'யா, 'நீங்க'ளா? மொழியே ஒரு பள்ளிக்கூடம்

"மாமாவுக்கு வணக்கம் சொல்லு." "அவங்கள அத்தைனு கூப்பிடு." "டாட்டா சொல்லு." நம் வீடுகளில் குழந்தைகளிடம் ஓயாமல் சொல்லப்படும் வாக்கியங்கள் இவை.

பாபுவா நியூ கினி நாட்டில் கலுலி என்ற மக்களிடம் ஆய்வு செய்த மானுடவியலாளர் பாம்பி ஷீஃபலின், அங்கேயும் இதே பழக்கம் இருப்பதைப் பதிவு செய்தார். குழந்தை சொல்ல வேண்டியதைத் தாய் முதலில் சொல்லி, 'எலெமா' என்று முடிப்பார். "இப்படிச் சொல்லு" என்று அர்த்தம். குழந்தை அதைத் திருப்பிச் சொல்லும். மொழியோடு சேர்ந்து, யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையும் குழந்தை கற்றுக்கொள்கிறது.

தமிழில் இது இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் 'நீ'யா, 'நீங்க'ளா என்று முடிவு செய்தாக வேண்டும். பல வீடுகளில் அப்பாவை "வாங்க, சாப்பிடுங்க" என்றும், அம்மாவை "வா, சாப்பிடு" என்றும் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். அம்மா, அப்பாவை "என்னங்க" என்கிறார். அப்பா, அம்மாவைப் பெயர் சொல்லியோ "ஏய்" என்றோ கூப்பிடுகிறார்.

"அம்மான்னா பாசம், அதான் நீ, வா, போ" என்று பலர் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த விளக்கம் தெரியாது. யாருக்கு 'ங்க' போட வேண்டும், யாருக்குப் போடத் தேவையில்லை என்பது மட்டும் காதில் விழுகிறது. வீட்டில் யாருடைய சொல் எடுபடும் என்பதற்கான முதல் குறிப்பு அது.

குட்டிப் போலீஸ்காரர்கள்

வழக்கத்தைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதோடு நிற்பதில்லை. மற்றவர்கள் மீறினால் தட்டியும் கேட்கிறார்கள்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2008-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு ஒரு புது விளையாட்டைச் செய்து காட்டினார்கள். பிறகு ஒரு கைப்பாவை வந்து அதே விளையாட்டைத் தப்பாக விளையாடியது. 3 வயதுக் குழந்தைகள் சும்மா இருக்கவில்லை. அப்படி இல்லை, இப்படித்தான் செய்யணும் என்று பாவையைத் திருத்தினார்கள்.

அந்த விளையாட்டை அவர்கள் பார்த்தே சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அதை மீறினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் "இது இப்படித்தான்" என்று ஒரு தடவை பார்த்ததே விதி ஆகிவிட்டது.

அப்பா கோலம் போட உட்கார்ந்தால் "ஐயோ அப்பா, நீ போடக் கூடாது" என்று சிரிக்கும் குழந்தையும், இளஞ்சிவப்புத் தண்ணீர் பாட்டில் கொண்டு வந்த பையனைக் கேலி செய்யும் யுகேஜி வகுப்பும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். பெரியவர்கள் வழக்கத்தைக் காவல் காக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. பிள்ளைகளே பிள்ளைகளைக் காவல் காக்கிறார்கள்.

6 வயதில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் 5, 6, 7 வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஒரு ஆய்வு 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. 'ரொம்ப ரொம்ப புத்திசாலி'யான ஒருவரைப் பற்றிக் கதை சொன்னார்கள். அவர் ஆணா, பெண்ணா என்று சொல்லவில்லை. பிறகு ஆண்கள், பெண்கள் படங்களைக் காட்டி, கதையில் வந்தவர் இவர்களில் யார் என்று கேட்டார்கள்.

5 வயதில் பையன்கள் ஆண் படத்தையும், சிறுமிகள் பெண் படத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தேர்ந்தெடுத்தார்கள். 6 வயதில் நிலைமை மாறியது. சிறுமிகள் பெண்ணைத் தேர்ந்தெடுப்பது குறைந்தது. 'ரொம்ப புத்திசாலிகளுக்கான விளையாட்டு' என்று சொல்லப்பட்ட விளையாட்டில் அவர்களின் ஆர்வமும் பையன்களைவிடக் குறைந்தது.

இதில் வேதனையான விஷயம், பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுப்பது யார் என்று கேட்டபோது, அதே சிறுமிகள் தயங்காமல் பெண் பிள்ளைகளைத்தான் காட்டினார்கள். மதிப்பெண் எடுப்பது தாங்கள்தான் என்று தெரிகிறது. ஆனால் புத்திசாலி என்றால் மனதில் வருவது ஆண் முகம்.

"பொண்ணு நல்லா மனப்பாடம் பண்ணுவா, பையனுக்கு மூளை இருக்கு, ஆனா படிக்க மாட்டேங்குறான்" என்ற பேச்சைக் கேட்காத தமிழ் வீடு குறைவு. பக்கத்தில் விளையாடிக்கொண்டே இரண்டு பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பாடத்தின் விலை எவ்வளவு?

"தட்டு எடுக்கறதுல என்ன வந்துடப் போகுது?" என்று தோன்றலாம். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று இந்தக் கணக்கெடுப்பு கேட்கிறது. 6 வயது ஆனவர்களிடமிருந்தே கணக்கு எடுக்கப்படுகிறது.

2019 கணக்கெடுப்பின்படி, சம்பளம் இல்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள்.

2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்தது. நல்ல செய்திதானே என்றால், ஆண்களின் நேரமும் 88 நிமிடங்களாகக் குறைந்துவிட்டது. 2019-ல் இடைவெளி 202 நிமிடங்கள். 2024-ல் 201 நிமிடங்கள். ஐந்து ஆண்டுகளில் குறைந்தது ஒரே ஒரு நிமிடம்.

இது வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்களின் கணக்கு மட்டும்தான். 2019-ல் அப்படிக் கைவைத்தவர்கள் ஆண்களில் சுமார் 26 சதவீதம். பெண்களில் சுமார் 81 சதவீதம்.

ஒரு நாளைக்கு 201 நிமிடங்கள் என்றால், ஆண்டுக்கு 1,200 மணி நேரத்துக்கும் மேல். 8 மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் சுமார் 150 நாட்கள். படிக்கவோ, சம்பாதிக்கவோ, விளையாடவோ, சும்மா படுத்திருக்கவோ கிடைத்திருக்க வேண்டிய நேரம் அது. 9 வயதில் எடுத்த மூன்று தட்டில் தொடங்கும் கணக்கு, 40 வயதில் இங்கே வந்து நிற்கிறது.

பையன்களும் விலை கொடுக்கிறார்கள். "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு, 25 வயதில் வேலை போனாலும் மனசு உடைந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரிவதில்லை. வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்கும்போது, ஒரு ரசம் வைக்கத் தெரியாமல் மூன்று வேளையும் கடையில் சாப்பிடும் இளைஞர்களும் இதே பாடத்தைப் படித்தவர்கள்தான்.

'அது இயற்கைங்க' என்ற வாதம் சரியா?

ஆணுக்கும் பெண்ணுக்கும் உடலில் வேறுபாடுகள் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சமையல் பெண்ணின் இயல்பு என்றால், கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் மாஸ்டர்களில் பெரும்பாலானவர்கள் ஏன் ஆண்களாக இருக்கிறார்கள்? பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர் என்றால் ஏன் ஆண் முகம்தான் நினைவுக்கு வருகிறது?

துணி துவைப்பதும் அப்படித்தான். வீட்டுத் துணியைத் துவைப்பது பெண். லாண்டரி கடை வைத்து இஸ்திரி போடுவது பெரும்பாலும் ஆண். கூலி கிடைக்கும் இடத்தில் ஆணுக்கு வரும் வேலை, கூலி இல்லாத இடத்தில் 'வராமல்' போகிறது என்றால், அதற்கு உடம்பு காரணமாக இருக்க முடியாது.

பள்ளிக்கூட வாசலில் இன்னொரு பாடம்

பெண், ஆண் என்ற பாடம் மட்டும்தான் இப்படிப் பதிகிறதா? இல்லை. தமிழ்நாட்டில் சாதியும் இதே வழியில்தான் பிள்ளைகளுக்குள் இறங்குகிறது. எந்தப் பாடநூலிலும் சாதியைக் கடைப்பிடிக்கச் சொல்லவில்லை. எந்தத் தெருவுக்குப் போகக் கூடாது, யார் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது, யாரை வயதில் பெரியவராக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பதைப் பார்த்துப் பார்த்தே பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள்.

வீட்டில் கற்றது, நண்பர்கள் கூட்டத்தில் முறுக்கேறுகிறது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அந்த மாணவரோடு அதே பள்ளியில் படித்தவர்கள் என்பதுதான் தமிழ்நாட்டையே உலுக்கியது.

அதன்பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டவும், சாதி அடையாளம் காட்டும் வகையில் மோதிரம், நெற்றிப் பொட்டு அணியவும் தடை விதிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பள்ளிப் பெயர்களில் இருந்து சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்றும் அது கூறியது.

ஒரு கயிறால் என்ன வந்துவிடும் என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் யாரோடு சேர வேண்டும், யாரை ஒதுக்க வேண்டும் என்று 14 வயதுப் பையனுக்கு வாய் திறக்காமல் சொல்லிக்கொடுப்பது அந்தக் கயிறுதான்.

கற்றதை மாற்ற முடியுமா?

முடியும் என்கின்றன இந்தியாவிலேயே நடந்த ஆய்வுகள்.

1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில், பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 495 கிராமங்களை ஆராய்ந்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது.

பெண் தலைவரே இல்லாத கிராமங்களில், மகனுக்காகக் காணும் கனவைவிட மகளுக்காகக் காணும் கனவு சின்னதாக இருந்தது. இரண்டு தேர்தல்களில் தொடர்ந்து தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களில், பெற்றோரின் கனவில் இருந்த அந்த இடைவெளி குறைந்தது, 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் கனவில் இருந்த இடைவெளியும் 32 சதவீதம் குறைந்தது. சிறுமிகள் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரமும் குறைந்தது.

அந்தக் கிராமங்களில் பெண்களுக்குப் புதிதாக வேலைவாய்ப்பு எதுவும் கொட்டிவிடவில்லை. ஊர்க் கூட்டத்தில் ஒரு பெண் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016-ல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 'தலைவரின் கணவர்' அந்த நாற்காலியில் உட்காராமல் இருந்தால், இங்கேயும் பிள்ளைகள் அதே பாடத்தைப் பார்க்க முடியும்.

ஹரியாணாவில் வேறு முயற்சி நடந்தது. 314 அரசுப் பள்ளிகளில் சுமார் 14,000 மாணவர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். பாதிப் பள்ளிகளில் 7-ம் வகுப்பில் தொடங்கி இரண்டரை ஆண்டுகள், ஆண்-பெண் சமத்துவம் பற்றி வகுப்பிலேயே கலந்துரையாடல் நடத்தினார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி மாணவர்களின் எண்ணம் மாறியது. பையன்கள் வீட்டு வேலையில் கூடுதலாகப் பங்கெடுப்பதாகவும் சொன்னார்கள்.

ஆனால் எண்ணம் மாறிய அளவுக்குச் சிறுமிகளின் அன்றாடம் மாறவில்லை. அவர்கள் என்ன நினைத்தாலும், வீட்டில் முடிவெடுப்பது அவர்கள் இல்லையே. பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் எடுத்தால் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

பாடநூல் படங்களும் மாறத் தொடங்கியிருக்கின்றன. 2024-ல் கேரளாவில் வந்த புதிய 3-ம் வகுப்புப் பாடநூலில், அப்பா சமையலறைத் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவும் படம் இடம்பெற்றது. ஒரு தேங்காய் மூடிக்காக அந்தப் படம் நாடு முழுக்கச் செய்தியானது. அது செய்தியானதே, அந்தக் காட்சி நமக்கு எவ்வளவு புதுசு என்பதைக் காட்டுகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

இந்த ஆய்வுகளில் இருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ளக்கூடிய சில விஷயங்கள்:

* சொல்வதைவிடச் செய்வதே பதியும். "தம்பி, பாத்திரம் கழுவக் கத்துக்கோ" என்று அப்பா சோபாவில் இருந்து சொல்வதைவிட, அப்பா எழுந்துபோய்க் கழுவுவது பலன் தரும்.

* "அம்மாவுக்கு உதவி பண்ணு" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். உதவி என்றாலே அது அம்மாவின் வேலை என்று அர்த்தம் ஆகிவிடுகிறது. "இன்னைக்கு உன் முறை" என்று சொன்னால், அது வீட்டு வேலை ஆகிறது.

* வேலையை வயதுக்கு ஏற்பப் பிரியுங்கள், ஆண்-பெண் பார்த்து அல்ல. கடைக்குப் போவது, கேஸ் சிலிண்டர் பதிவு செய்வது, பல்பு மாற்றுவது மகளுக்கும் தெரியட்டும். துணி மடிப்பது, அரிசி களைவது மகனுக்கும் தெரியட்டும்.

* மகன் அழுதால் காரணத்தைக் கேளுங்கள். அழுகையை நிறுத்தச் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

* சொந்தக்காரர்கள் "பையனப் போயி பெருக்க வைக்கிறியே" என்று சிரிக்கும்போது, பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் சங்கடப்பட்டு நெளிந்தால், ஆறு மாதம் பழக்கியது ஒரு நிமிடத்தில் போய்விடும்.

* பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்று முடிக்காதீர்கள். உங்களிடம் பதில் இல்லை என்றால், அந்த வழக்கம் வேண்டுமா என்று நீங்களும் சேர்ந்து யோசிக்கலாம்.

எல்லா வழக்கமும் கெட்டதா?

இல்லை. வரிசையில் நிற்பது, பேருந்தில் வயதானவருக்கு இடம் கொடுப்பது, வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எல்லாமே இப்படிப் பார்த்துப் பழகி வந்தவைதான். இந்தத் திறமை இல்லாவிட்டால் எந்தச் சமூகமும் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது.

சிக்கல் என்னவென்றால், நல்லதைக் கற்கும் அதே கண்ணும் காதும்தான் மற்றதையும் கற்கிறது. எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று பிரித்துப் பார்க்க 5 வயதுக் குழந்தையால் முடியாது. அது பெரியவர்களின் பொறுப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும், வீட்டில் முதலில் யார் எழுந்திருக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். அது அப்பாவாக இருந்து, தன் தட்டோடு இன்னும் இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு போனால், 12 வயதுப் பையன் செல்போனில் இருந்து தலையை நிமிர்த்திப் பார்ப்பான்.